பிடிக்குள் இருப்பது

பாம்பன் கடைத்தெருவில்
சீனி உதுமான்
பழைய தினத்தாளை விரித்து
மூன்று கத்திகளை வைத்தார்.
மடக்குக் கத்தி காட்டவா என்றும் கேட்டார்.

வேண்டாம்.
அதைத் திறக்க இரண்டு கை வேண்டும்.
இரண்டு பாகம் ஆழத்தில்
எனக்கு ஒரு கைதான் மிச்சம்.
மற்றது பாறையைப் பிடித்திருக்கும்.

போன ஆனியில், குருசடைக்குக் கிழக்கே,
எவனோ அறுத்துவிட்ட தங்கூசி வலை
மரிக்கொழுந்துப் பாசிக்குள் பாசியாய்க் கிடந்து
என் இடது கணுக்காலைச் சுற்றியது.
இடுப்பில் மடக்குக் கத்தி இருந்தது.
மூட்டில் உப்புப் பூத்து, மணல் இறுகி,
செத்த பிறகும் வாய் திறக்காத சிப்பி மாதிரி
இருந்தது.
நாகவள்ளி வந்து கடித்தாள்.
எட்டு இழை.
அவளுடைய முன்பல் ஒன்று
இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

முதல் கத்தி கறுப்பு.
முதுகில் ரம்பப் பல்.
பிடியின் அடியைத் திருகினால்
தீக்குச்சி, தூண்டில், திசைகாட்டி.
"காட்டுல ஒரு வாரம் கிடக்கலாம்மா
இது ஒண்ணு இருந்தா."
காதோரம் வைத்து ஆட்டினேன்.
கிலுகிலுப்பை.
பிடிக்குள் இத்தனை சாமான் இருந்தால்
இரும்புக்கு எங்கே இடம்?
ஒரு திருகாணியில் நிற்கிறது
மொத்த வீரமும்.

இரண்டாவது பளபளப்பு.
துருப்பிடிக்காத எஃகு, எடை இல்லை,
மஞ்சள் பிளாஸ்டிக் பிடி,
கலங்கல் தண்ணீரிலும் கண்ணுக்குத் தெரியும்.
இதுதான் என்றது பாதி மனசு.
கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தேன்,
வழுக்கிக்கொண்டு போனது.
"ஃபேக்டரி கூருமா. தீட்டவே வேண்டாம்."
தீட்ட வேண்டாத கத்தியை நான் பார்த்ததில்லை,
கழுவ வேண்டாத சட்டியையும்.
பிடி முடியும் இடத்துக்கு முன்பே
உள்ளே இரும்பு முடிந்துவிடுகிறது.
தட்டினால் சத்தம் சொல்லிவிடும்.

மூன்றாவது
லாரிப் பட்டையில் அடித்தது.
அலகு ஐந்து அங்குலம்.
அதற்கு மேல் போனால்
தீவு வாட்ச்சர் ஆயுதம் என்பார்.
குறைந்தால்,
கச்சான் திரும்பிக் கரை ஒதுங்கும் ராத்திரியில்
உடைவிறகு பிளக்காது.
முதுகு, இரண்டு ஐந்து ரூபாய்க் காசு கனம்.
இரண்டு மரத்துண்டுக்கு நடுவே
இரும்பு கடைசிவரை ஓடி
பின்னால் ஒரு நெல்லளவு
எட்டிப் பார்க்கிறது.

"துருப்பிடிக்குமேம்மா, கடலுக்கு ஆகாது"
என்றார் உதுமான்.
உண்மையைத்தான் சொன்னார்.
விலை கூடினதை விற்கவும் பார்த்தார்.
இரண்டும் ஒரே வாயில் வரலாம்.

துரு சொல்லிவிட்டு வரும்.
முதலில் ஒரு பொட்டு,
அப்புறம் தேமல் மாதிரி ஒரு படலம்.
சாம்பல், தேங்காய் எண்ணெய், பத்து நிமிஷம்.
ஒடிகிற கத்தி
முன்னாடி ஒரு வார்த்தை பேசாது.

நானூற்று எண்பது ரூபாய்.
இரண்டு எடுத்தேன்.
நாகவள்ளியிடம் ஒன்றைக் கொடுத்தேன்.
பல்லைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.
பாதிக் காசு தந்தாள்.
மீதி, பாசி விலை ஏறினால்.

பிவிசி குழாயை அடுப்பில் வாட்டி
பலகைக்கு அடியில் வைத்து ஏறி நின்று
உறை செய்தேன்.
நுனியில் ஒரு ஓட்டை, தண்ணீர் வடிய.
முதல் உறை கோணலாகிவிட்டது.
இரண்டாவது இறுக்கம்.
மூன்றாவதில் தலைகீழாகப் பிடித்து உதறினேன்,
விழவில்லை.

வலது கெண்டைக்காலில் கட்டினேன்.
இடது காலைக் கடலுக்குத் தெரியும்.

இப்போது விளக்கை அணைத்துவிட்டு
பாயில் குப்புறக் கிடக்கிறேன்.
விரல்களில் பாசிக்குப் போகும்போது சுற்றும் துணி.
மூச்சைப் பிடித்து எண்ணுகிறேன்.
"என்னம்மா பண்றே?" என்கிறான் மகன் இருட்டில்.
பதில் சொன்னால் மூச்சு போய்விடும்.

பதினொன்றில் கை பிடியைத் தொட்டது.
பதினான்கில் அலகு வெளியே.

இன்னும் குறைக்கணும்.